செஞ்சி நிக்காஹும் புதுச்சேரி மேரியும்

1750-இல் புஸ்ஸி நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நம் ஊர்க் கல்யாணங்களும் பிரெஞ்சுக்காரன் மேரியில், அதாவது நகராட்சி மன்றத்தில், எழுதப்பட்டிருக்கும்.

புதுச்சேரியில் 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. கிறிஸ்தவர், இந்து, 'மோர்' (முஸ்லிம்களை அப்படித்தான் எழுதுவார்கள்) எல்லோருக்கும் அவரவர் வழக்கப்படியே தீர்ப்பு என்றது. 1881 செப்டம்பர் 21-இல் இன்னொன்று: விரும்பினால் சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்களே 'ரெனோன்சான்'கள். ஒருமுறை கையெழுத்திட்டால் திரும்ப முடியாது. மனைவியும் சிறு பிள்ளைகளும் கூடவே வந்தாக வேண்டும். குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். வாசல் என்று பொருள்.

கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். முஸ்லிம்கள் மிகக் குறைவு. எனக்கு அதில் வியப்பில்லை. பிரெஞ்சு சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஷரீஅத்தில் மகளுக்குப் பாதி. இது பெண்ணுக்கு லாபம்தானே என்பீர்கள். ஆனால் பிரான்சிலேயே 1816-இல் ஒழித்த விவாகரத்து 1884-இல்தான் திரும்பி வந்தது. ஒத்துவராத கணவனிடமிருந்து குலா கேட்டுப் பிரியும் வழி முஸ்லிம் பெண்ணுக்கு அதற்கு முன்பே இருந்தது. 1881-இல் கையெழுத்திட்டிருந்தால் அது போயிருக்கும்.

இந்தப் பக்கம் வெள்ளைக்காரனும் லேசானவன் இல்லை. 1872 சிவில் திருமணச் சட்டத்தில், இந்த மதங்கள் எதிலும் நான் இல்லை என்று மணமக்கள் எழுதித் தர வேண்டும். 1923 திருத்தத்தால் நம் மேல்சித்தாமூர் ஜைனர்களும் இந்துக்களும் மதத்தை விடாமலே அதில் மணக்க முடிந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் 1954 வரை காத்திருந்தார்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், இறந்துவிட்டார். கையில் ஜமாஅத் கொடுத்த நிக்காஹ் சீட்டு. மஹர் தொகை, வலீ, சாட்சிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பென்ஷனுக்கு அது போதவில்லை. மேரியில் பதிந்த 'ஆக்த் த மரியாழ்' வேண்டும் என்றார்கள். முப்பது வருஷக் குடும்பம் காகிதத்தில் இல்லை. கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பெயர் ஏறியது. மனுவைப் பிரெஞ்சில் எழுதியது நான்.

தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பிறகு எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் 60 நாள். பள்ளிவாசல் தஃப்தரும் வழக்கம்போல நடக்கிறது.