வலிக்கு எத்தனை சொல்? பேராக் முதியோர் இல்லங்களில் தோட்டப்புறத் தமிழரின் அன்றாடம்

1. பொருளும் எல்லையும்

மலேசிய மாநிலங்களுள் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் விகிதம் மிகுந்தது பேராக். ஈயம் தீர்ந்தது, ரப்பர் சரிந்தது. இளையோர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள், மூத்தோர் தங்கிவிட்டார்கள். மாநிலத் தலைநகர் ஈப்போவின் பழைய பங்களாக்கள் பல இன்று பராமரிப்பு இல்லங்களாகியிருப்பதன் பின்னணி இது. அவ்வில்லங்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினரை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்தவர்கள்.

பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்து 1966இல் எழுதினார் மருத்துவர் அவெடிஸ் டொனபீடியன். கட்டில்களின் இடைவெளி, தீயணைப்புக் கருவி, பணியாளர் எண்ணிக்கை ஆகியவை அமைப்பில் அடங்கும்; சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் படுபவையும் அவையே. காலையில் எழுந்தது முதல் விளக்கணைக்கும் வரை ஒருவருக்கு என்ன நேர்கிறது என்பது செயல்முறை. அதையே இங்கு ஆராய்கிறோம்.

2. பெயரும் சட்டமும்

பேச்சுவழக்கில் எல்லாமே 'முதியோர் இல்லம்'தான். சட்டத்தில் அப்படியில்லை. நான்கு பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ தங்க இடமளித்துப் பராமரிக்கும் இல்லம், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். தாதியர் பராமரிப்பு வழங்கும் நர்சிங் ஹோம், 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி சுகாதார அமைச்சின்கீழ் வரும். முதியோர் பராமரிப்புக்கென்றே இயற்றப்பட்ட தனிச்சட்டம் 2018இல் அரசிதழில் வெளிவந்தும், அது நடைமுறைக்கு வருவது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. நடக்க முடிந்தவராக ஓர் இல்லத்தில் சேர்பவர் அதே கட்டிலில் படுத்த படுக்கையாகிறார். அவர் நிலை மாறிய அன்று அவருக்குரிய இலாகாவும் மாறியாக வேண்டும். கட்டில் மட்டும் மாறுவதில்லை.

அரசு நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான், வாரிசற்ற, அறுபது வயதைக் கடந்த, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக்கூடிய குடிமக்களுக்கானது. பேராக்கில் அத்தகைய இல்லம் தஞ்சோங் ரம்புத்தானில் உண்டு. 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையும் அதே ஊரில்தான் இருக்கிறது. தமிழில் அந்த ஊர்ப்பெயரே ஒரு வசையாகிவிட்டதால், "ரம்புத்தானுக்கா அனுப்பப் போறீங்க?" என்று கேட்கும் கிழவியின் அச்சம் எந்த விண்ணப்பப் பாரத்திலும் ஏறாது. நோயுற்றுப் படுக்கையானோருக்கான ரூமா ஏஹ்சான் சிலாங்கூரின் கோலாகுபு பாருவிலும் திரங்கானுவின் டுங்குனிலும் உள்ளது. நாதியற்றுப் படுத்த பேராக் முதியவர், அரசு நிழல் வேண்டுமானால் மாநிலத்தையே விட்டுப் போக வேண்டும். நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களுக்குக் குடியுரிமை என்ற முதல் படியே தடை.

3. வெளியே அனுப்பப்பட்ட முதுமை

தோட்டப் பொருளாதாரம் முதுமைக்கென்று இடம் வைக்கவில்லை. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் பணம் திரட்டித் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தது. உழைக்க முடியாமற் போனவர்களைத் திருப்பிக் கப்பலேற்றவும் அந்த நிதி பயன்பட்டது. ஆக, முதுமை என்பது ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் சரக்கு. சுதந்திரத்துக்குப் பின் அனுப்புவதற்கு ஊர் இல்லை. ஆனால் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீடு வேலையோடு கட்டுண்டே இருந்தது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் கிழவனுக்குத் திண்ணை.

ஐம்பதுகளில், பெருந்தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் அத்திண்ணையையும் ஆட்டியது. பொருளியலறிஞர் உங்கு அஜிஸ் அதை ஆராய்ந்து எழுதினார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தொழிலாளரே தோட்டம் வாங்க வழி செய்தார். பெரிய முயற்சிதான். ஆயினும் பின்னர் செம்பனையும் வீடமைப்பும் விழுங்கிய தோட்டங்களே அதிகம்.

1961இல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன், உறக்கமும் உழைப்பும் ஓய்வும் ஒரே கூரையில் ஒரே அதிகாரத்தின்கீழ் நிகழும் இடங்களை 'முழுமை நிறுவனம்' என்றார். மனநல மருத்துவமனையையும் சிறையையும் மனத்தில் வைத்து எழுதியவர் லயத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு, மணியோசை, பங்கு அரிசி, கிராணி எனும் எழுத்தரின் பேரேடு: இவற்றில் வாழ்ந்தவருக்கு இல்லத்தின் ஒழுங்கு புதிதன்று. இதனால் ஓர் அளவுகோல் பழுதாகிறது. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க ஐயா" என்பார். தோட்ட மேலாளரான துரையிடம் நாற்பதாண்டு சொல்லிப் பழகிய விடை அது. முறையீடு இல்லாமையை மனநிறைவாகக் கணக்கிடும் எந்த மதிப்பீடும் இவர்களிடம் தோற்கும்.

4. ஒரு நாள்

4.1 நான்கு மணி

வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது குறையும். அதனால்தான் சீவல் இருட்டோடு தொடங்கும். காலை நான்கு மணிக்கு விழித்துப் பழகிய உடல் எண்பதிலும் நான்கு மணிக்கே விழிக்கிறது. இரவுப் பணியாளர் இதை 'உறக்கமின்மை' என்று எழுதினால் மாத்திரை வரும். மாத்திரை தள்ளாட்டம் தரும், தள்ளாட்டத்தில் இடுப்பெலும்பு முறியும். ஒரு குவளை கோப்பியும் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியும் போதுமான இடத்தில் இவ்வளவும் நடக்கிறது.

4.2 வலியின் சொற்கள்

பராமரிப்பாளர் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். பொதுமொழி அரைகுறை மலாய். குத்துது, குடையுது, கடுகடுக்குது, காந்துது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்று தமிழில் பிரித்துச் சொல்வதெல்லாம் அங்கே 'சாக்கிட்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. குடைவது மூட்டாக இருக்கலாம். காந்துவது நரம்பாக இருக்கலாம். தெறிப்பது சீழ் கட்டிய புண்ணாக இருக்கலாம். மூன்றுக்கும் பனடோல். வாயு மட்டும் 'ஆங்கின்' ஆகித் தப்பித்துவிடுகிறது, மலாய்க்காரருக்கும் அந்த நோய் உண்டென்பதால்! மறதிநோயில் பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுவது பலரிடம் காணப்படுவது. மலாய் போனபின் தமிழில் பேசும் மூதாட்டி 'பிதற்றுகிறார்' என்று குறிக்கப்படுவதற்கு அதிக நாள் ஆகாது.

4.3 தட்டும் காலும்

உணவைச் சுருக்கமாகச் சொல்லலாம்: கஞ்சி எல்லாருக்கும் உண்டு, கவுச்சி விலக்கும் வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் எல்லா அடுப்படிக்கும் தெரியாது. கால்தான் கவனத்துக்குரியது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இனிப்புநீர் இந்தியரிடையே ஏறத்தாழ 31 விழுக்காடு. நாட்டளவில் அது 18 விழுக்காட்டை ஒட்டியது. இனிப்புநீரால் உணர்விழந்த பாதத்தில் புண் வந்தது தெரியாது. தினமும் விரலிடுக்கைத் துடைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். தீபாவளிக்கு ஹேம்பரோடு வரும் நன்கொடையாளர் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை; பிஸ்கட் டின்தான் குவிகிறது, அதுவும் இனிப்புநீர்க்காரர் மேசையில்.

5. சேர்க்கைப் பாரம்

பெயர், மதம், அவசரத் தொடர்பு, ஒவ்வாமை என்று இல்லத்தின் சேர்க்கைப் பாரம் தொடங்குவது வழக்கம். அதில் செலவில்லாமல் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். வேலைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எந்தக் கிழமை கவுச்சி தொடமாட்டீர்கள்? வலித்தால் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கான விடையைத் தமிழ் தெரிந்த ஒருவர், பக்கத்தில் மலாய்ப் பொருளும் இட்டு, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் பேத்தியாலும் அது முடியும்.