குறை இரத்த அழுத்தம்

இரத்த அழுத்தம் 90/60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் அதைக் குறை இரத்த அழுத்தம் என்பது வழக்கம். பேச்சில் 'லோ பிரஷர்'. ஆனால் அந்த எண் மட்டுமே நோயாகிவிடாது. இதில் தெளிவு பிறக்க நெடுங்காலம் பிடித்தது.

இரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. பிறகு இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினார். உயரம் இறங்கிக்கொண்டே வந்தது; கடைசியில் குதிரை இறந்தது. 1733இல் வெளியான இக்குறிப்பு, இரத்த இழப்பால் அழுத்தம் சரிவதை அளந்து காட்டிய முதல் சான்று. கொடூரமான சோதனைதான், ஆனாலும் இரத்த இழப்பால் அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலை (ஷாக்) பற்றிய அறிவுக்கு இது ஓர் அடித்தளம்.

1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் கட்டும் பட்டையை உருவாக்கினார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். அதன்பின் குறைந்த அளவு உள்ளவர்கள் ஏராளமாகக் கண்ணில் பட்டார்கள். ஜெர்மனியில் சோர்வும் தலைச்சுற்றலும் சேர்ந்த குறைந்த அழுத்தத்தை நோயாகக் கருதி மருந்து கொடுத்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. குறைந்த அழுத்தத்துக்கும் சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாக 1990இல் பிரிட்டனிலேயே ஓர் ஆய்வு சொன்னது. ஆனாலும் தொந்தரவு இல்லாதவருக்கு மருந்து தேவையில்லை என்பதே இன்றைய நிலை.

உண்மையான திருப்பம் 1925இல் வந்தது. அமெரிக்காவின் பிராட்பரியும் எக்கிள்ஸ்டனும் மூன்று நோயாளிகளை விவரித்தார்கள். படுத்திருக்கையில் மயக்கம் இல்லை. எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து மயங்கினார்கள், நாடித்துடிப்போ கூடவில்லை. நாம் எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதை அறிந்து, நரம்புகள் வழியே இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்துகின்றன. அந்த நரம்பு வழி பழுதானதே அவர்களின் நோய். நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்து நிற்கையில் அழுத்தம் சரியும் இந்தக் கோளாறு உண்டு என்று 1996இல் வரையறுத்தார்கள். நீரிழிவு, பார்க்கின்சன் நோய், உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகள், உடலில் நீர் வற்றுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

எனவே எழும்போது தலைசுற்றும் முதியவர்கள், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், இதய நோயோ சிறுநீரக நோயோ இருக்கும்போது அழுத்தத்தை உயர்த்த உப்புக் கரைத்துக் குடிப்பதும் ஆபத்து.