படைக்கலம் ஏந்தும் உரிமை: நாடுகள் கண்ட வெவ்வேறு வழிகள்

இல்லறத்தார்க்குரிய நோன்புகளை வகுத்துரைத்த சமந்தபத்திர ஆசாரியர், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கோடரி, வாள், தீ, சங்கிலி முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தலை ‘இம்சாதானம்’ எனப் பெயரிட்டு விலக்கினார். கருவி தானே சென்று கொல்வதில்லை. ஆயினும், அது எவர் கைக்குச் செல்கிறது என்பதில் கொடுப்பவர்க்கும் பொறுப்புண்டு என்பது இவ்விலக்கின் உட்கருத்து. நோன்பு தனிமனிதர்க்குரியது. குடிமக்கள் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்று ஓர் அரசு முடிவு செய்ய நேரும்போது, அதே வினா சட்டத்தின் வினாவாகிறது. அதற்கு உலக நாடுகள் கண்ட விடைகள் பெரிதும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டின் வேர், அந்தந்த நாட்டின் வரலாற்றில் உள்ளது.

ஒரு விதை, இரு மரங்கள்

இங்கிலாந்தில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், சீர்திருத்தக் கிறித்தவர்களின் ஆயுதங்களைப் பறித்தார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் நாட்டைவிட்டு ஓடியபின், 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், சீர்திருத்தக் கிறித்தவர்கள் தம் நிலைக்கேற்பவும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் தற்காப்புக்காக ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என அறிவித்தது. இவ்வாசகத்தில் ‘சட்டம் அனுமதிக்கும் அளவில்’ என்னும் பகுதியே பின்னாளில் முதன்மை பெற்றது. அளவை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் தங்கியது.

அவ்வதிகாரத்தை நாடாளுமன்றம் படிப்படியாகப் பயன்படுத்தியது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டுச் சட்டம் கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் காவல்துறையின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூரில், உரிமத்துடன் கைத்துப்பாக்கிகள் வைத்திருந்த ஒருவன் தொடக்கப்பள்ளியில் நுழைந்து, 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். மக்கள் திரண்டு கையொப்பமிட்டு முறையிட்டனர். 1997இல் இயற்றப்பட்ட இரு சட்டங்களால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டது.

அதே 1689ஆம் ஆண்டு மரபைத் தம்முடன் கொண்டு சென்ற அமெரிக்கக் குடியேற்றத்தார், வேறு வழியில் நடந்தனர். மன்னரின் படையை எதிர்த்துக் குடிமக்கள் படையாகத் திரண்டு விடுதலை பெற்றவர்கள் அவர்கள். ஆகவே 1791இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திருத்தத்தின் வாயிலாக, ஆயுதம் ஏந்தும் உரிமையை அரசியலமைப்பிலேயே பதித்தனர். சாதாரணச் சட்டத்தால் நீக்கவியலாத நிலையை அவ்வுரிமை எய்தியது. கட்டுப்பாடுகளே இல்லை என்பதன்று. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டிலும், பின்னர் 1993ஆம் ஆண்டிலும் கூட்டாட்சி அரசு சட்டங்கள் இயற்றியது. எனினும், தலைநகர் வாஷிங்டன் விதித்திருந்த கைத்துப்பாக்கித் தடையை 2008இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனித உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவனம் 2017ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணக்கிட்டபோது, அந்நாட்டில் 100 பேருக்கு ஏறத்தாழ 120 துப்பாக்கிகள் குடிமக்கள் கையில் இருந்தன.

உரிமை அன்று, இசைவு

ஆஸ்திரேலியா மற்றொரு பாடம் தருகிறது. டன்பிளேன் துயரம் நிகழ்ந்து ஏழு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே மனிதன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்டு அப்பொழுது பதவியேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன; துப்பாக்கி உரிமையாளர் பலர் அவர் கூட்டணியின் வாக்காளர்கள். ஆயினும் பன்னிரண்டே நாட்களில் எல்லா மாநிலங்களையும் ஓர் உடன்பாட்டிற்குக் கொண்டுவந்தார். தானாக அடுத்த குண்டை நிரப்பிக்கொள்ளும் நீள்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கிகள் ஏறத்தாழ 6,50,000. உரிமம் கோருவோர் தக்க காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்பது அக்காரணங்களுள் ஒன்றாக ஏற்கப்படுவதில்லை.

ஜப்பானில் இம்மரபு மிகப் பழமையானது. 1543இல் போர்த்துகீசியர் வழியே துப்பாக்கி அங்கு வந்தது. 1588இல் ஹிதேயோஷி உழவர்களிடமிருந்த வாள்களையும் துப்பாக்கிகளையும் பறித்தார். 1876இல் சாமுராய்களும் பொது இடத்தில் வாள் அணிதல் தடுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி, வாள் இரண்டையும் பொதுவாக விலக்கி, விதிவிலக்காகவே இசைவு தருகிறது. வேட்டைத் துப்பாக்கி வேண்டுவோர் வகுப்பில் பயின்று, தேர்வெழுதி, மருத்துவச் சான்று பெற்று, காவல்துறையின் விசாரணைக்கும் உட்பட வேண்டும். அத்தகைய நாட்டிலும் 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, ஒருவன் தானே செய்த துப்பாக்கியால் கொல்லப்பட்டார். சட்டம் கருவியைத் தடுக்கலாம். வன்மத்தை அதனால் தடுக்க இயலவில்லை.

இந்தியாவின் முரண்

இந்திய வரலாறு இவை அனைத்தினும் சிந்தனைக்குரியது. 1857ஆம் ஆண்டு எழுச்சியின் நினைவு மறையாத நிலையில், லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. தம் நாட்டில் உரிமை என எழுதிக்கொண்டவர்கள் இங்கே அதை இனம் பார்த்து மறுத்தனர். எனவே தேசிய இயக்கத்தார் இச்சட்டத்தை ஓர் இழிவாகவே கருதினர். 1930இல் காந்தியடிகள் அரசின்முன் வைத்த பதினோரு கோரிக்கைகளுள், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. 1931இல் கராச்சி காங்கிரசு, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது.

அகிம்சையைத் தம் வாழ்வாகக் கொண்டவர் துப்பாக்கி உரிமம் கேட்டது முரணாகத் தோன்றலாம். ஆனால் வலியிழந்தவனின் அடக்கம் அகிம்சை ஆகாது என்பது அவர் பலகாலும் வலியுறுத்திய கருத்து. பறிக்கப்பட்ட பொருளைத் துறந்ததாகச் சொல்லிக்கொள்ள இயலாது.

1948 சனவரி 30 அன்று அவரே கைத்துப்பாக்கிக்கு இரையானார். அவ்வாண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், கராச்சித் தீர்மானத்தை ஒட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை எதிர்த்தார், சபையும் ஏற்கவில்லை. இன்றும் 19ஆம் உறுப்பு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே தருகிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் அனைவர்க்கும் பொது விதி. குடகு மக்களுக்கான பழைய விலக்கு போன்ற சில மட்டுமே எஞ்சியுள்ளன. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாயிற்று.

அயலார் ஆட்சியில் இழிவாக இருந்த கட்டுப்பாட்டை, விடுதலை பெற்ற மக்கள் தம் பேரவையில் தாமே விதித்துக்கொண்டனர். வாசகங்கள் பெரும்பாலும் ஒத்தவை, விதித்தவர் வேறு. பறிப்புக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.