மறதிநோய்: வீட்டுப் பராமரிப்பு (கடலூர், சிதம்பரம் வட்டாரம்)

மறதிநோய் (டிமென்ஷியா) என்பது நினைவு, பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைந்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் நிலை. அல்சைமர் நோய் இதன் முதன்மைக் காரணம். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணித்தது. இவர்களில் பெரும்பாலோரை வீட்டில்தான் கவனிக்கிறார்கள்; அந்தச் சுமை மனைவி, மகள், மருமகள் மீதே விழுகிறது.

'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடுவதே பெரிய கேடு. பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதல் பரிசோதனைக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையையோ, 2021இல் அரசின் மருத்துவத் துறைக்கு மாறிய சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.

மாலையில் நோயாளியின் குழப்பம் கூடுவதுண்டு. 'வீட்டுக்குப் போகணும்' என்று, இருப்பது சொந்த வீடாகவே இருந்தாலும், கிளம்புவார். வாதாடிப் பயனில்லை; பேச்சை மாற்றுவது, உடன் சிறிது நடந்து திரும்புவது உதவும். சட்டைப்பையில் தொலைபேசி எண் இருக்கட்டும். பழகிய இடம் மாறினால் தடுமாற்றம் அதிகமாகும். 2011 டிசம்பரில் தானே புயல் தாக்கிய இக்கடலோரத்தில், நிவாரண முகாமுக்குச் செல்ல நேர்ந்தால் மருந்துச்சீட்டும், அவர் வழக்கமாகப் போர்த்தும் போர்வையும், அருகிலேயே இருக்க ஓர் ஆளும் தேவை. முதியோருக்கான இலவச உதவி எண் 14567.