சுவடியும் சோதனையும்

பண்டை மருத்துவ நூல்களில் மூலிகையின் பெயரை நோக்குவோர் அதனைப் பக்குவஞ் செய்யும் முறையைப் புறக்கணித்தலுண்டு. அம்முறையின் சிறப்பினைச் சீன நாட்டு வரலாறொன்று காட்டும். 1969 ஆம் ஆண்டில் மலேரியாவுக்கு மருந்து தேடும் பணியை ஏற்ற தூ யூயூ அம்மையார், சிங்ஹாவ் என்னும் பூண்டின் சாற்றைச் சோதித்தார். பயன் நிலையாகக் கிட்டவில்லை. கி. பி. 4 ஆம் நூற்றாண்டினரான கோ ஹொங், அப்பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு கூறினாரேயன்றிக் காய்ச்சுமாறு கூறினாரல்லர். வெப்பம் மருந்தை அழித்தல் கூடுமென உய்த்துணர்ந்த அம்மையார், ஏறத்தாழ 35 பாகை செல்சியசிற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு இலையின் சத்தைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில் அச்சத்து எலிகளின் குருதியிலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முற்றாக ஒழித்தது. 1972 இல் ஆர்ட்டிமிசினின் என்னும் சேர்வை பளிங்காகப் பெறப்பட்டது. 2015 இல் அம்மையார் நோபல் பரிசு பெற்றார். சித்த மருத்துவ ஏடுகள் கூறும் பிழிசாறும் குடிநீரும் சூரணமும் வெவ்வேறாகவே சோதிக்கப்படல் வேண்டும்.