புதுச்சேரிப் பள்ளிகளும் புகையிலைத் தடையும்

பள்ளிக்குள் புகைபிடிக்கக் கூடாது. பள்ளியின் எல்லையிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எதையும் விற்கக் கூடாது. புதுச்சேரி உட்பட இந்தியா முழுவதும் நடப்பில் உள்ள இந்த விதிகள் எழுத்தில் வந்து இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. புகையிலை ஒரு காலத்தில் அரசுக்கு வருமானம் தந்த சரக்காக இருந்த ஊர் புதுச்சேரி. அதே ஊரில், சட்டம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புகையை விலக்கிய ஒரு பள்ளியும் இருந்தது.

குத்தகைச் சரக்கு

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை, போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவுக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் வெற்றிலையும் புகையிலையும் குத்தகைக்கு விடப்பட்டன. துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தக் குத்தகை பற்றிய பேச்சு வருகிறது. புகையிலையைத் தூது அனுப்பும் சிற்றிலக்கியமே தமிழில் உண்டு. சீனிச் சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' அது. விருந்தினருக்கு வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டிய பொருளைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்க அன்று பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் கல்விக்கூடங்கள் வளர்ந்தன. இன்றைய பிரெஞ்சு லீசே 1826இலும், பெத்தி செமினேர் 1844இலும் தொடங்கின. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரின் ஆய்வு காட்டியது 1950இல்தான். புகையிலைத் தடைகளுக்கு மருத்துவ அடிப்படை தந்தவற்றுள் அந்த ஆய்வு முக்கியமானது.

ஆசிரமப் பள்ளி

மருத்துவம் சொல்லும் முன்பே வேறொரு காரணத்துக்காகப் புகையை விலக்கிய இடம் அரவிந்தர் ஆசிரமம். 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்த அரவிந்தருக்கே தொடக்க ஆண்டுகளில் சுருட்டுப் பழக்கம் இருந்தது. பின்னர் அதை விட்டுவிட்டார். 1926இல் உருவான ஆசிரமத்தில் வாழ்பவர்கள் புகைபிடிப்பதும் மது அருந்துவதும் அரசியலில் ஈடுபடுவதும் விலக்கப்பட்டன. பயிற்சிக்கு இடையூறு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்; நோய் பற்றிய அச்சம் அதில் பின்னால்தான் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பல குடும்பங்கள் பிள்ளைகளுடன் ஆசிரமத்தில் அடைக்கலம் புகுந்தன. அவர்களுக்காக 1943 டிசம்பர் 2 அன்று அன்னை சுமார் இருபது பிள்ளைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1959 முதல் அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே படித்த பிள்ளைகளைச் சுற்றியிருந்த பெரியவர்களில், ஆசிரியர் முதல் சமையற்கூடத்தில் வேலை செய்தவர் வரை, புகைபிடிப்பவர் எவரும் இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. நாள்தோறும் விளையாட்டும் உடற்பயிற்சியும் பாடத்தின் பகுதியாக இருந்தன. பிள்ளைகள் சொல்வதைவிடச் செய்வதைத்தான் பார்த்துக் கற்கிறார்கள் என்பதால், ஒரு பள்ளி புகையற்றதாக இருப்பதற்கு இதைவிட உறுதியான அடித்தளம் அமைவது கடினம். ஆயினும் எல்லோரும் ஒரே நெறிக்கு உட்பட்டு வாழும் இடத்தில்தான் இது இயலும். பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பும் சாதாரணப் பள்ளிக்கு இதை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

நீதிமன்றமும் சட்டமும்

1975ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் பெட்டியின் மீது ஓர் எச்சரிக்கை வரி அச்சிட வைத்ததோடு நின்றது. பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலையில் தீர்ப்பளித்தது. முரளி தேவரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று, மருத்துவமனை, நூலகம், பேருந்து, ரயில் முதலியவற்றோடு கல்வி நிலையங்களிலும் புகைபிடிப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. பிறகு 2003இல் நாடாளுமன்றம் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை இயற்றியது. அது 2004 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளியைச் சுற்றி விற்பனைக்கான தடை அதே ஆண்டு டிசம்பர் 1 முதல். புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் தன் பள்ளி முற்றங்களில் முழுத்தடை கொண்டுவந்தது 2007 பிப்ரவரியில்தான்.

100 கஜம்

சட்டத்தின் 6ஆம் பிரிவு இரண்டு காரியங்களைச் செய்கிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், யாருக்கும் விற்பதைத் தடுக்கிறது. தூரத்தை வாயிலிலிருந்து அளந்தால் பின்பக்கக் கடை தப்பிவிடும். ஆகவே மதிலின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும் என்று விதிகள் பின்னர் தெளிவாக்கின.

புதுச்சேரியின் பழைய நகரம் புல்வார்களுக்குள் அடங்கிய சிறு பரப்பு. நேர்க்கோட்டுத் தெருக்கள், நெருங்கிய பள்ளிகள், முக்குக்கு முக்கு பெட்டிக்கடை. ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 91 மீட்டர் வட்டம் போட்டால் பல வட்டங்கள் ஒன்றையொன்று தொடும். முழுமையாக நடைமுறைப்படுத்தினால் கடைத்தெருவின் முகமே மாறிவிடும். மீறினால் அபராதமோ 200 ரூபாய் வரைதான். இது தொழிலுக்கான செலவாகக் கணக்கில் போய்விடும் தொகை. இதற்கு நேர்மாறாக, சிறாருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. இரண்டு இடத்திலும் குற்றவாளி விற்றவர், கொடுத்தவர். வாங்கிய பிள்ளை குற்றவாளி அல்ல.

மாணவருக்குத் துணை

இந்த வேறுபாடு பள்ளிகளில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கழிவறையில் சிகரெட்டோடு பிடிபட்ட மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், பள்ளியின் பெயர் காப்பாற்றப்படலாம். பழக்கம் அவனோடு போகும். நிக்கோட்டின் வளரும் வயதில் விரைவாகப் பிடித்துக்கொள்ளும் பொருள். விட்ட சில நாட்களில் வரும் எரிச்சலும் கவனச்சிதறலும் தேர்வு நேரத்தில் மீண்டும் கடைக்கு இழுக்கும். திட்டு அப்போது உதவாது. தொடர்ந்து விசாரிக்கும் ஒரு பெரியவர் உதவுவார்.

நடுவண் சுகாதார அமைச்சகத்தின் புகையிலையற்ற கல்வி நிலைய வழிகாட்டுதல்கள் (2019) ஆசிரியர்களையும் மாணவர்களையும் கண்காணிப்பாளராக நியமிக்கச் சொல்கின்றன. 100 கஜ எல்லையைக் குறித்துக் காட்டவும், ஆறு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியேனும் நடத்தவும் கேட்கின்றன. வளாகத்தில் கிடக்கும் பீடித்துண்டும் சுவரில் உள்ள துப்பல் கறையும்கூட மதிப்பீட்டில் சேரும். உலகப் புகையிலை ஒழிப்பு நாள் மே 31 என்பதில் ஒரு வேடிக்கை உண்டு: அந்நாளில் புதுச்சேரிப் பள்ளிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் இருக்கும்.

13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே நாடு தழுவி நடந்த ஆய்வில், புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துவோர் 2009இல் 14.6 விழுக்காடாக இருந்தனர், 2019இல் 8.5 விழுக்காடு. விட விரும்புவோருக்கான 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை 2016இல் தில்லியில் தொடங்கியது. 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மையங்கள் சேர்ந்ததால் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண் 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் அச்சிடப்படுகிறது. பெட்டிக்கடையில் சில்லறையாக ஒற்றைச் சிகரெட் வாங்கும் மாணவனின் கைக்கு அந்தப் பெட்டி வருவதில்லை.