தென்னை உச்சியில் சிக்கிக்கொண்டால் பத்திரமாக இறங்குவது எப்படி?

மரம் ஏறும் கருவி பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "உச்சியில் இருக்கும்போது கருவி சிக்கிவிட்டது, அல்லது கடந்தைக் குளவி கிளம்பிவிட்டது. எப்படி இறங்குவீர்கள்?" தளைக்கயிறு போட்டு ஏறிப் பழகிய பெரியவர்கள், "மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி வந்துவிடுவோம்" என்பார்கள். கருவியில் மட்டுமே பழகிய இளைஞர்களிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஏறுவதற்கு இன்று நல்ல கருவிகள் வந்துவிட்டன. கேரளத்தின் செம்பேரி ஊரில் உருவான நின்று ஏறும் கருவி உண்டு, உட்கார்ந்து ஏறும் கருவியும் உண்டு. ஆனால் இரண்டிலும் ஏறியது போலவே அடி அடியாகத்தான் இறங்க வேண்டும். கையில் அரிவாள் வெட்டு, காலில் தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குளவிக் கொட்டு என எது நேர்ந்தாலும் அந்த நேரம் கிடைக்காது. உங்கள் தோப்பில் மரம் ஏறுபவர் நீங்களாக இருந்தாலும் கூலிக்கு வந்தவராக இருந்தாலும், இறங்கும் வழியை ஏறும் முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

எந்த மரத்தில் ஏறவே கூடாது?

கயிறு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைத் தாங்குவது மரம்தான். சிவப்புக் கூன்வண்டு தாக்கிய மரத்தில் தண்டில் துளைகளும், பழுப்பு நிறச் சாறும், மென்று துப்பிய நாரும் தெரியும். உள்ளே கூடாகிப்போன அந்த மரத்தின் கொண்டை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. தஞ்சாவூர் வாடல் நோய் கண்டு அடித்தண்டில் சாறு வடியும் மரம், இடி விழுந்த மரம், பக்கத்தில் மின்கம்பி போகும் மரம் ஆகியவற்றிலும் ஏற வேண்டாம். மழையில் நனைந்த மரமும் அன்றைக்கு ஆகாது. கீழே நின்று கொண்டையை நன்றாகப் பார்த்து, குளவிக் கூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே ஏறுங்கள்.

என்னென்ன வேண்டும்?

* முழு உடல் பாதுகாப்புப் பட்டை: தோள், மார்பு, தொடை மூன்றையும் தாங்குவது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டில் தொங்கினால் வயிறும் விலாவும் நெரிபட்டு மூச்சுத் திணறும். ஐஎஸ் 3521 தர முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.
* மரத்தைச் சுற்றிப் போடும் இடுப்புக் கயிறு: அரிவாளோடு வேலை செய்வதால், உள்ளே எஃகுக் கம்பி உள்ள கயிறு நல்லது.
* இறங்கு கருவி: கடைகளில் 'டிசென்டர்' என்று கேட்க வேண்டும். கைப்பிடியை விட்டதும் தானே நின்றுவிடும் வகையையே வாங்குங்கள். மயக்கம் வந்து கை நழுவினாலும் அது உங்களைக் கீழே விடாது.
* உள்நாரும் மேலுறையும் கொண்ட, அதிகம் இழுபடாத மீட்புக் கயிறு: கருவியின் மேல் எழுதியுள்ள கயிற்றுப் பருமனும் எடை வரம்பும் பொருந்த வேண்டும். 20 மீட்டர் மரத்துக்கு 25 மீட்டர் கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.
* அகலமான பட்டைக் கண்ணி ஒன்று, திருகுப் பூட்டுள்ள கொக்கிகள், தலைக்கவசம்.

கிணற்றுக்குப் போடும் நீல நிற பிளாஸ்டிக் கயிறு, தேங்காய் நார்க் கயிறு, மாட்டுக் கயிறு எதையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இறங்கு கருவியின் பிடிக்குள் அவை சரியாக நிற்காது. உரசும் சூட்டிலும் பிளாஸ்டிக் கயிறு உருகிவிடும்.

உச்சியில் செய்ய வேண்டியவை

மேலே போனவுடன், காய் வெட்டத் தொடங்கும் முன்பே கண்ணியைக் கட்டிவிடுங்கள். குளவி கிளம்பிய பிறகு கண்ணி கட்ட நேரம் இருக்காது.

1. கொண்டைக்குக் கீழே, உறுதியான தண்டில் பட்டைக் கண்ணியை இரண்டு சுற்று சுற்றி, இழுக்க இழுக்க இறுகும் சுருக்காகப் போடுங்கள். மட்டையிலோ பாளையிலோ குலைக்காம்பிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். பச்சை மட்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.
2. மீட்புக் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணியில் கொக்கியால் மாட்டிப் பூட்டைத் திருகுங்கள். இறங்கு கருவியைக் கயிற்றில் கோத்து, பாதுகாப்புப் பட்டையின் முன்பக்க வளையத்தில் மாட்டுங்கள்.
3. மீதிக் கயிறு இடுப்புப் பையிலேயே இருக்கட்டும். அதன் அடி முனையில் பெரிய முடிச்சு கட்டாயம் இருக்க வேண்டும். கயிறு குறைந்துபோனாலும் கருவி கயிற்றை விட்டு உருவிப் போகாமல் இந்த முடிச்சுதான் காக்கும்.

இறங்க வேண்டி வந்தால்

1. அரிவாளை உறையில் போடுங்கள். எடை ஏறி விறைப்பாக நிற்கும் கயிற்றில் அரிவாள் முனை லேசாகப் பட்டாலே போதும், கயிறு அறுந்துவிடும்.
2. பையைக் கீழே போட்டு, கயிறு தரையைத் தொட்டதா என்று கீழே இருப்பவரைக் கேளுங்கள்.
3. கயிற்றின் தளர்வை எடுத்துவிட்டு, உடல் எடையை மெதுவாக இறங்கு கருவியின் மேல் விடுங்கள். கண்ணி நழுவவில்லை, கருவி பிடித்து நிற்கிறது என்று தெரியும் வரை இடுப்புக் கயிற்றைக் கழற்றாதீர்கள்.
4. ஏறும் கருவியிலிருந்து கால்களை எடுங்கள். அதற்குப் பிறகு இடுப்புக் கயிற்றைக் கழற்றுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.
5. ஏறும் கருவி மரத்திலேயே இருக்கட்டும். அதில் கயிறு மாட்டாதபடி சற்றுப் பக்கவாட்டில் விலகி, கால்களை அகட்டிப் பாதத்தை மரத்தில் ஊன்றி இறங்குங்கள்.
6. நொடிக்கு அரை மீட்டர் வேகம் போதும். 20 மீட்டர் மரத்திலிருந்து 40 நொடியில் தரைக்கு வந்துவிடலாம். வேகமாக விட்டால் கருவி சூடாகிக் கயிற்றின் மேலுறை கெட்டுவிடும்.

கீழே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்

தனியாக மரம் ஏறுவதையும் ஏற்றுவதையும் நிறுத்துங்கள். கீழே நிற்பவர் காய் விழும் வட்டத்துக்கு வெளியே, கையில் போனோடு இருக்க வேண்டும். மேலே உள்ளவர் கட்டுப்பாடின்றி வேகமாக இறங்கினால், கீழிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தாலே பெரும்பாலான இறங்கு கருவிகள் நின்றுவிடும்.

நழுவி விழுந்தவர் பாதுகாப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தால், "பட்டை பிடித்துவிட்டது, இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. அசையாமல் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். நினைவிருந்தால் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் பாதத்தை ஊன்றி நின்றால் இன்னும் நல்லது. தாமதிக்காமல் தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அழையுங்கள்.

தரையில் விழுந்தவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றாதீர்கள். முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் தள்ளிவிடும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

பராமரிப்பு

கயிற்றை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, உருகிய தடம், விறைப்பு, உள்ளே குழைந்த இடம் தெரிந்தால் அது மீட்புக்கு உதவாது. பூச்சிமருந்து, உரம், தெளிப்பான் பேட்டரி வைக்கும் அறையில் கயிற்றையும் பட்டையையும் வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். வெயில் படாத தனிப் பையில் வையுங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டையை மறுபடி பயன்படுத்தாமல், யாரும் எடுத்து மாட்டாதபடி வெட்டிப் போட்டுவிடுங்கள்.

பயிற்சி இல்லாமல் பயன்படுத்த வேண்டாம்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேராக உச்சியில் முயன்று பார்க்காதீர்கள். பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க, முதலில் ஓர் ஆள் உயரத்தில் பலமுறை இறங்கிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கருவியைச் சரியாக மாட்ட வந்த பிறகே உயரம் கூட்டுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் மரமேறும் பயிற்சி நடத்தி வருகிறது. மரம் ஏறுபவர்களுக்கான 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் வாரியத்தில் உண்டு. விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஒரு தோப்பு முழுவதற்கும் ஒரு செட் போதும். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் பகிர்ந்துபோகும். அடுத்த வெட்டுக்கு ஆள் வரும்போது, ஏறும் கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இறங்கும் கயிறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைய வெட்டைத் தள்ளிப்போடுங்கள். காய் நாலு நாள் மரத்திலேயே இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது.